டொக் டொக் பறவை: சிங்கப்பூர்ப் பக்கிகளும் அவற்றின் பெயர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கி என்ற இரவுப் பறவைகளைப் பற்றி நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் பெயரைப் பற்றிய கேள்விகள்தான். காரணம் இருக்கிறது. இந்தப் பறவைக்கு ஊருக்கொரு பெயர், மொழிக்கொரு பெயர். போதாததற்கு அறிவியலாளர்களும் அவ்வப்போது மாற்றிவைத்திருக்கிறார்கள்.

இருட்டியதும் எங்கள் புளோக்குக்குப் பின்னால் யாரோ பலகையைத் தட்டுகிற மாதிரி சத்தம். இது பறவையா?

பறவைதான். ஆங்கிலத்தில் லார்ஜ்-டெய்ல்டு நைட்ஜார் என்பார்கள். ‘டொக்… டொக்… டொக்…’ என்று ஒரே சீராக வரும், ஏற்ற இறக்கம் இருக்காது. மூன்று தட்டு தட்டிவிட்டு நிறுத்தும், அப்புறம் ஏழு, அப்புறம் இரண்டு. எத்தனை என்று கணக்கே கிடையாது. பொழுது சாய்ந்த முதல் ஒரு மணி நேரமும், விடிவதற்கு முந்தைய வேளையும் இதற்குப் பிடித்த நேரம். நிலா வெளிச்சம் இருந்தால் நடு இரவிலும் கேட்கும்.

இன்னும் இரண்டு சத்தங்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘கூ-ஊ, கூ-ஊ’ என்று படிப்படியாக உச்சத்துக்கு ஏறி, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவது நம்ம குயில். மென்மையாக ஒரே ஒரு ‘வூப்’, நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒரு ‘வூப்’ என்றால் அது சின்ன ஆந்தை வகை ஒன்று. தட்டுகிற சத்தம் மட்டும்தான் நம் ஆள்.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்குத் தமிழில் பக்கி என்று பெயர். தமிழ்நாட்டுப் பறவைப் பட்டியல்களிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் தட்டுகிற இந்தக் குறிப்பிட்ட இனம் தமிழ்நாட்டில் கிடையாது. அதனால் ஊரில் நிலைபெற்ற தனிப்பெயர் எதுவும் இதற்கு அமையவில்லை. நான் பெருவால் பக்கி என்று எழுதுகிறேன். ஆங்கிலப் பெயரை ஒட்டி வைத்துக்கொண்ட பெயர்தான் இது, அகராதியில் தேட வேண்டாம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர் ‘டொக் டொக் குருவி’ என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்ல பெயர்.

பக்கி என்பது திட்டுகிற சொல்லாயிற்றே?

ஆமாம், அப்படியும் வழங்குகிறது. ஆனால் அகராதியில் பக்கி என்றால் பறவை என்ற பொருளும் உண்டு, பட்சி என்ற சொல்லின் உறவு. பிள்ளைகளிடம் சொல்லும்போது சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள், அது நமக்கு லாபம்தான்.

மலாய்க்காரர்கள் இதைக் கல்லறைப் பறவை என்கிறார்களாமே?

மலாயில் ‘பூரோங் துக்காங்’ என்பார்கள். பூரோங் என்றால் பறவை. துக்காங் என்றால் கைவினைஞர். மர வேலை, கொத்து வேலை செய்கிறவர். சத்தத்தைக் கேட்டு வைத்த பெயர். அதோடு ‘குபுர்’ என்ற சொல்லும் சேரும். அது கல்லறை. ஆக, கல்லறை வேலைக்காரப் பறவை.

கல்லறை எப்படி உள்ளே வந்தது என்று யோசித்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்தப் பறவைக்கு வேண்டியது திறந்த புல்வெளி, ஓரத்தில் சில மரங்கள், கீழே சருகு, இரவில் ஆள் நடமாட்டம் குறைவு, பறக்கிற பூச்சி நிறைய. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது பழைய இடுகாட்டில்தான். சிங்கப்பூரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1922இல் திறந்து 1973இல் மூடிய புக்கிட் பிரவுன் சீனர் இடுகாட்டில் இந்தப் பறவைகள் உண்டு. 1972இல் மூடப்பட்ட பிடாதாரி இடுகாடு, பிறகு பல ஆண்டுகள் பறவை பார்ப்பவர்களின் சொர்க்கமாக இருந்தது. இப்போது அங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளும் பூங்காவும் வந்துவிட்டன. பக்கிகளைத் தேடி கேமராவோடு அங்கே அலைந்தவர்கள் இன்னும் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் இதே பறவை இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் கோடாரிப் பறவை, தச்சன் பறவை என்று பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. மலாய் கிராமத்துக்காரரும் குவீன்ஸ்லாந்துப் பண்ணைக்காரரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பெயர் வைத்திருக்க முடியாது. இருவர் காதிலும் மர வேலைச் சத்தம்தான் விழுந்திருக்கிறது.

வீட்டுப் பக்கம் கத்தினால் அபசகுனமா? எங்கள் பாட்டி ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார்.

பாட்டி சொல்வதைத் தட்ட வேண்டாம், கொசு வராமலாவது இருக்கும். மற்றபடி, ஆண் பறவை தன் எல்லையை அறிவிக்கிறது, துணையைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். மலாயாவில் இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கமும் இருந்ததாகச் சொல்வதுண்டு: அடுத்த தடவை எத்தனை தட்டு தட்டும் என்று பந்தயம் கட்டுவார்களாம். ஒருவருக்குச் சாவுச் செய்தி, இன்னொருவருக்குச் சூதாட்டம். பறவைக்கு இரண்டும் தெரியாது.

அறிவியல் பெயர் என்ன? அதற்கு என்ன பொருள்?

கப்ரிமுல்கஸ் மாக்ரூரஸ். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்பதைச் சுட்டுவது.

மாக்ரூரஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, நீண்ட வால் உடையது என்று பொருள். கப்ரிமுல்கஸ் லத்தீன். அதன் பொருள் ஆட்டில் பால் கறப்பது. ஆமாம், ஆடுதான்.

ஆட்டுப் பாலா? பறவை எப்படிப் பால் குடிக்கும்?

குடிக்காது. ஐரோப்பாவில் இந்தக் குடும்பத்துப் பறவை ஒன்று அந்தி நேரத்தில் ஆட்டு மந்தையைச் சுற்றிப் பறக்கும். ஆடு இருக்கிற இடத்தில் பூச்சி இருக்கும், பூச்சி இருக்கிற இடத்துக்கு அது வரும். வாயைத் திறந்தால் தலையே இரண்டாகப் பிளந்த மாதிரி தெரியும். இதைப் பார்த்தவர்கள், இரவில் வந்து மடியில் வாய் வைத்துப் பால் குடித்துவிடுகிறது, அப்புறம் ஆட்டுக்குப் பால் வற்றிக் கண்ணும் போய்விடுகிறது என்று கட்டிவிட்டார்கள். அரிஸ்டாட்டில் எழுதினார், ரோமில் பிளினி எழுதினார், பிறகு யாரும் விடவில்லை. 1758இல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு முறைப்படி பெயர் வைத்தபோது அந்தக் கதையையே பேரினப் பெயராக எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்திலும் ‘கோட்சக்கர்’ என்ற பழைய பெயர் இருந்தது. தப்பான கதை என்று தெரிந்தாலும் அறிவியல் பெயரை மாற்ற மாட்டார்கள். முதலில் முறையாக வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது அந்தத் துறையின் விதி. பொருள் சரியா தப்பா என்பது கணக்கில் வராது.

பெருவால் பக்கிக்கு இந்தப் பெயரை வைத்தது யார்?

தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட், 1821இல். அமெரிக்க மருத்துவர், ஜாவாவில் பல ஆண்டுகள் இருந்து செடி, விலங்கு, பறவை எல்லாம் சேகரித்தவர். ஜாவா பிரிட்டிஷார் கையில் இருந்த 1811 முதல் 1816 வரையிலான ஆண்டுகளில் அங்கே ஆட்சி செய்தவர் நமக்குத் தெரிந்த ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ். ஹார்ஸ்ஃபீல்டின் வேலைக்கு அவர் ஆதரவு கொடுத்தார். ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்த அதே 1819இல் ஹார்ஸ்ஃபீல்ட் ஜாவாவை விட்டுக் கிளம்பினார், பிறகு லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். ஜாவாப் பறவைகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்தப் பெயர் வந்தது.

இங்கே எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை தோன்றும். இருட்டில் இந்தப் பறவையோடு வாழ்ந்தவர்கள் எல்லாரும் காதால் பெயர் வைத்தார்கள்: தச்சன், கோடாரி, டொக் டொக். அறிவியல் பெயர் மட்டும் வாலைப் பற்றிப் பேசுகிறது. பாடம் பண்ணிய தோல் சத்தம் போடாதல்லவா? மேசையில் கிடத்தி, அளவுகோலை வைத்து அளக்கிற மாதிரி இருந்தது வால்தான்.

சில பழைய புத்தகங்களில் லாங்-டெய்ல்டு நைட்ஜார் என்று இருக்கிறதே, அது வேறு பறவையா?

மலாயா, சிங்கப்பூர் பற்றிய பழைய நூல் என்றால் இதே பறவைதான். ஆப்பிரிக்காவில் உண்மையிலேயே வால் நீண்ட வேறொரு பக்கி இருக்கிறது, கப்ரிமுல்கஸ் கிளைமாக்யூரஸ். அதற்கும் இதே ஆங்கிலப் பெயர். ஆகவே நூல் எந்த நாட்டைப் பற்றியது என்று பாருங்கள், கூடவே அறிவியல் பெயரையும் பாருங்கள். பொதுப்பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஆப்பிரிக்கப் பறவையின் படத்தைச் சிங்கப்பூர்ப் பறவை என்று பகிர்ந்துவிடுவோம். நடக்காத விஷயம் இல்லை.

சிங்கப்பூரில் மொத்தம் எத்தனை வகைப் பக்கிகள்?

நான்கு. எல்லாம் ஒரே அளவுக்குக் கிடைக்காது.

பெருவால் பக்கியைப் பற்றிச் சொல்லியாயிற்று. பூங்கா, காட்டோரம், பழைய இடுகாடு எங்கும் ஆண்டு முழுக்க இருக்கும். இங்கே இருப்பது பைமாக்குலாட்டஸ் என்ற உள்ளினம் (இனத்துக்குள் ஒரு பிரிவு), இரட்டைப் பொட்டு என்று பொருள்.

அடுத்தது சவானா நைட்ஜார், கப்ரிமுல்கஸ் அஃபினிஸ். இதற்கும் பெயர் வைத்தவர் அதே ஹார்ஸ்ஃபீல்ட், அதே 1821. அஃபினிஸ் என்றால் உறவுடையது, நெருங்கியது. பெயர் கையிருப்பு தீர்ந்துபோன களைப்பு அதில் தெரிகிறது. திறந்த வெளிகளிலும், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலங்களிலும் இருக்கும். தட்டாது, பறந்துகொண்டே ‘ச்வீப், ச்வீப்’ என்று கூராகக் கத்தும். தட்டையான மொட்டைமாடியைப் பாறை என்று எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தைவான் நகரங்களில் இதன் சத்தத்தால் மக்கள் தூக்கம் கெடுகிறது என்று பெரிய பிரச்சினையே ஆகியிருக்கிறது.

மூன்றாவது, கிரே நைட்ஜார், கப்ரிமுல்கஸ் ஜோடாகா. வடகிழக்கு ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் விருந்தாளி. ஜப்பானிய மொழியில் இதை ‘யோட்டாகா’, அதாவது இரவுப் பருந்து என்பார்கள். அதுவே லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு ஜோடாகா ஆயிற்று. ஊர்மக்களின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்ட அறிவியல் பெயர்களில் இதுவும் ஒன்று.

நான்காவது, மலேசியன் இயர்டு நைட்ஜார், லின்கோர்னிஸ் டெம்மின்கியி. தலையின் இரு பக்கமும் காது மாதிரி இறகுக் கொத்து இருக்கும். சிங்கப்பூரில் மிக அரிது. மலேசியக் காடுகளில் அந்தி நேரத்தில் மரங்களுக்கு மேலே பறந்தபடி ‘தப்-தி-பாவ்’ என்று மூன்று சுரத்தில் கூப்பிடும். மலாயில் அதன் பெயரே ‘தப்திபாவ்’. டெம்மின்கியி என்பது டச்சுப் பறவையியலாளர் டெம்மின்க்கின் நினைவாக. சில நூல்களில் பேரினம் யூரோஸ்டோபோடஸ் என்று இருக்கும். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு லின்கோர்னிஸ் என்ற பழைய பேரினத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊரில், தமிழ்நாட்டில், ராத்திரி சாலையில் உட்கார்ந்திருக்குமே, அது இதுதானா?

ஒரே குடும்பம், வேறு இனம். நீங்கள் வயல் பக்கத்து மண் சாலையில், வண்டி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு சிவந்த கண்ணாகப் பார்த்தது பெரும்பாலும் இந்தியப் பக்கியாக இருக்கும், கப்ரிமுல்கஸ் ஏசியாட்டிகஸ். ‘சக்-சக்-சக்-சக்ர்ர்ர்’ என்று பிங்பாங் பந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோலக் கத்தும்.

கொஞ்சம் சிக்கலானது ஜெர்டான் பக்கி, கப்ரிமுல்கஸ் ஆட்ரிபென்னிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டான் 1845இல் பெயர் வைத்தார். பிற்பாடு வந்தவர்கள் இதைப் பெருவால் பக்கியின் உள்ளினமாகவே கருதினார்கள். கூவுகிற விதம் வேறு என்பது கவனத்துக்கு வந்த பிறகு மறுபடி தனி இனம் ஆக்கினார்கள். அதனால் பழைய இந்திய நூல்களில் மாக்ரூரஸ் தென்னிந்தியாவில் உண்டு என்று போட்டிருக்கும். அது இப்போதைய கணக்குப்படி ஆட்ரிபென்னிஸ்.

கிரே நைட்ஜார் கதையும் இப்படித்தான். முன்பு அதையும் இந்தியாவின் காட்டுப் பக்கியையும் கப்ரிமுல்கஸ் இண்டிகஸ் என்ற ஒரே பெயரில் அடைத்திருந்தார்கள். இப்போது அந்தக் காட்டுப் பக்கி மட்டும் இண்டிகஸ், இங்கே விருந்தாளியாக வருவது ஜோடாகா. பறவை இடம் மாறவில்லை, ஏடுதான் மாறியது.

வாட்ஸப்பில் ‘குட்டி டிராகன்’ என்று ஒரு படம் வந்தது. அதுவும் பக்கியா?

ஆமாம். அது கிரேட் இயர்டு நைட்ஜார், லின்கோர்னிஸ் மாக்ரோடிஸ். மாக்ரோடிஸ் என்றால் பெரிய காது. காது என்று சொல்வது இறகுக் கொத்தைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இது உண்டு. சிங்கப்பூரின் நான்காவது ஆளுக்குப் பெரியப்பா மாதிரி. படம் போலியில்லை, ஆனால் கூடவே வரும் ‘அழிந்துபோன இனம்’ வகையறாச் செய்திகளை நம்ப வேண்டாம்.

பக்கி ஒரு வகை ஆந்தைதானே?

இல்லை. ஆந்தைக்கு நகம்தான் ஆயுதம், பிடித்துக் கிழிக்கும். பக்கியின் கால் குட்டை, பலமே இல்லை. பறந்துகொண்டே வாயைத் திறந்து அந்துப்பூச்சியையும் வண்டையும் அள்ளும். அலகு சின்னது, ஆனால் வாய் அகலம். வாயோரத்தில் மீசை மாதிரி விறைப்பான முடியிறகுகள். நடுவிரல் நகத்தில் சீப்பு மாதிரிப் பற்கள் இருக்கும், இறகு கோத அதைப் பயன்படுத்தும். தவளைவாயன் என்ற இன்னொரு இரவுப் பறவைக் குடும்பமும் உண்டு. அதுவும் பக்கி இல்லை.

எங்கே போனால் பார்க்கலாம்?

கேட்பது சுலபம், பார்ப்பதுதான் கஷ்டம். பாசிர் ரிஸ் பூங்கா நல்ல இடம். காட்டோரப் பாதைகளிலும் வாய்ப்பு அதிகம். பகலில் தரைச் சருகிலோ தாழ்ந்த கிளையிலோ அசையாமல் கிடக்கும். கிளையில் உட்கார்ந்தால் குறுக்காக அல்ல, கிளையின் நீளத்துக்கு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காய்ந்த இலையின் பழுப்பு, அதில் கரிக்கோடு, நடுவே சாம்பல் தூவல். கண்ணைக் கீறல் அளவுக்கு மூடிக்கொண்டிருக்கும். கழுத்தடியில் இருக்கும் வெள்ளைப் பட்டைதான் காட்டிக்கொடுக்கும். ஆண் பறந்தால் சிறகிலும் வால் ஓரத்திலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். பெண்ணுக்கு அது மங்கல்.

இரவில் டார்ச் அடித்தால் கண் ஆரஞ்சு நிறத்தில் மின்னும், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால். ஆனால் நேராக முகத்தில் அடித்து நிறுத்தாதீர்கள். கைத்தொலைபேசியில் கூவலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஒரு படத்துக்காக அந்தப் பாடு எதற்கு?

நடைபாதை ஓரத்துச் சருகில் முட்டை கிடக்கிறது. எடுத்துப் பத்திரப்படுத்தலாமா?

தொடாதீர்கள். பக்கி கூடு கட்டாது. வெறும் சருகின் மேல் ஒன்றோ இரண்டோ முட்டை, வெளிறிய நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். தாய் தந்தை இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். பக்கத்தில் போனால் ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போலத் தரையில் படபடத்துக்கொண்டு ஓடும். அடிபடவில்லை, உங்களை முட்டையிடமிருந்து தள்ளி அழைத்துப்போகிறது. அதன் பின்னால் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாயை அவிழ்த்துவிட்டு நடப்பவர்கள் அந்த இடத்தில் அதற்குக் கயிற்றைப் போட்டுக்கொள்ளட்டும்.

உண்மையிலேயே அடிபட்டுக் கிடந்தால் தேசியப் பூங்காக் கழகத்தை அல்லது ஏக்ரஸ் என்ற விலங்கு நல அமைப்பை அழையுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கலாமே என்று நினைக்கக் கூடாது. அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தூக்கம் போகிறது. விரட்ட வழி உண்டா?

ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைக் கூட்டி வையுங்கள். பாட்டி சொன்னது இங்கே உதவும்.

பிள்ளையின் பள்ளிப் புராஜெக்டில் அறிவியல் பெயரை எப்படி எழுத வேண்டும்?

ரோமன் எழுத்தில் எழுதினால் பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, இனப் பெயர் முழுதும் சிறிய எழுத்து. இரண்டும் சாய்வெழுத்தில் வர வேண்டும். கையால் எழுதினால் அடிக்கோடு போதும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் சாய்வெழுத்து மட்டும். இரண்டாம் முறை வரும்போது பேரினத்தைச் சுருக்கி ‘க. மாக்ரூரஸ்’ என்று எழுதலாம். ஆனால் அதே பக்கத்தில் ‘க’வில் தொடங்கும் வேறு பேரினம் வந்தால் சுருக்காதீர்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆளின் பெயரும் ஆண்டும் சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடத்தில் இருக்காது. அச்சுப்பிழை இல்லை அது. பெயர் வைத்தவர் முதலில் வேறு பேரினத்தில் சேர்த்திருந்து, பிறகு பறவையை இடம் மாற்றியிருந்தால் அடைப்புக்குறி வரும். ஹார்ஸ்ஃபீல்ட் தொடக்கத்திலேயே கப்ரிமுல்கஸில் வைத்துவிட்டார், அதனால் ‘ஹார்ஸ்ஃபீல்ட், 1821’ என்று அடைப்புக்குறி இல்லாமல். லின்கோர்னிஸ் டெம்மின்கியி இன்னும் ருசியான உதாரணம்: ஆங்கிலேயப் பறவையியலாளர் கௌல்ட் 1838இல் லின்கோர்னிஸில்தான் வைத்தார். நடுவில் யூரோஸ்டோபோடஸில் இருந்த காலத்து நூல்களில் அடைப்புக்குறி இருக்கும், இப்போது வீட்டுக்குத் திரும்பியதால் இருக்காது. பிள்ளை இதை எழுதி, ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்தால், இந்த விதியைச் சொல்லிக் காட்டலாம்.